மரத்தில் கனியாதது

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு.
நான் மறைக்கப் பார்த்தது
இரண்டே வெண்ணெய்ப்பழம்,
ஒரு தட்டு பிரௌனியில்.

ஹோஹெபாவுக்கு ஆகாத பழம்.
இருபத்தாறு வருடம் அதைப் பறித்தவன்.
கட்டிகட்டித் தோட்டங்களில்
இயந்திரத் தூக்கியின் கூடையில் நின்று
காம்பில் ஒரு பொட்டு விட்டு நறுக்கி
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் பையில் இறக்குவான்.
வீட்டில் சாலட்டில் கண்டால்
அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி
தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவான்.
"சோப்பு" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரலில் முதுகு போனது, வேலையும் போனது.
ஜூலையில் நர்ஸ் பிலிப்பா
ரத்தச் சோதனைத் தாளில் ஓர் எண்ணைச் சுற்றிச்
சிவப்பு வட்டம் போட்டாள்.
மாவைக் குறை, இனிப்பைக் குறை.
தலையாட்டிவிட்டு வந்தவன்
பேக்கரி வாசலில் காரை நிறுத்தி
ஒரு லாமிங்டன் வாங்கி
பாதியை என்னிடம் நீட்டினான்.
தேங்காய்த் துருவல் எங்கள் இருவர் மடியிலும்.
நான் திட்டவில்லை. தின்றேன்.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.
டௌரங்கா வரை போய்
சர்க்கரை இல்லாத அது, மாவு இல்லாத இது என்று
விலை பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.
கொல்லையில் மரம் காய்த்துக் கிடந்தது.
வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்,
அதுவும் பெட்ரோல் போட்டு.

மாவு இல்லை, ஒரு கரண்டிகூட.
வெண்ணெய் பழத்தின் பெயரில் மட்டும்.
முட்டை மூன்று. கோகோ அரைக் கிண்ணம்.
உருக்கிய கறுப்புச் சாக்லேட்.
மானுகா தேன், அளந்து,
நர்ஸின் பேனா ஞாபகம் வந்து
ஒரு கரண்டியைத் திரும்ப ஜாடியில் விட்டு.
உப்பு, சிட்டிகை.
பழம் இரண்டில் ஒன்று
கழுத்தில் அழுத்தினால் அமுங்கவில்லை.
மிக்ஸி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

இராத்திரி முழுக்கக் குளிரவிட வேண்டும்.
சூட்டில் தின்றால் புல் வாசம் அடிக்கும்.
ஆறிய பிறகு சாக்லேட் மட்டும்தான் பேசும்.

அவன் காத்திருக்கவில்லை.
கைமாய் மலைப் பக்கம் மழை இறங்க
ஷெட்டிலிருந்து நனைந்து வந்தவன்
கத்தி எடுத்து மூலையை வெட்டினான்.
மென்றான்.
நிறுத்தினான்.
நாக்கு நுனியிலிருந்து கட்டைவிரல் நகத்துக்கு வந்தது
ஒரு பச்சைத் துணுக்கு,
பாசிப்பயறு அளவு.

"எந்தக் கிளை?"

"கடையில் வாங்கினேன்."

"நம் மரம். தெற்குக் கிளை.
முந்தாநாள் பறித்திருக்கிறாய். இன்னும் ஐந்து நாள் கேட்கும்."

அடுப்பு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.
கழுவுதொட்டியில் இரண்டு கொட்டைகள்
என்னைக் காட்டிக்கொடுத்தபடி.

"மரத்தில் இருக்கிறவரை அது கனியாது, தெரியுமா.
எத்தனை மாதம் தொங்கினாலும் கல்தான்.
பறித்து, கீழே வைத்து,
சும்மா விட வேண்டும்."

இருபத்தாறு வருடத்தில்
அந்தப் பழத்தைப் பற்றி அவன் வீட்டில் பேசிய
மிக நீண்ட பேச்சு அது.
பேசிவிட்டு
மேஜைமேல் கிடந்த தன் கைகளை
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறைகளைப் பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் பார்த்தான்.

இரண்டாவது துண்டை எடுத்தான்.
நான்தான் தட்டை நகர்த்தினேன்:
"போதும். பிலிப்பாவுக்குத் தெரிந்தால்."
"சோப்புதான்" என்றான்,
வாய் நிறைய.

காலையில் ஜன்னல் விளிம்பில்
காகிதப் பைகள் மூன்று, ஒவ்வொன்றிலும்
இரண்டு பழம், ஒரு வாழைப்பழம்.
பைமேல் பென்சிலில் அவன் கையெழுத்து:
வியாழன். ஞாயிறு.
மூன்றாவதில் கிழமை இல்லை,
தொடாதே என்று மட்டும்.

குளிர்பெட்டியைத் திறந்தேன்.
பிரௌனியில் ஒரு வரிசை காணோம்.
கத்தி கழுவித் துடைத்து
இருந்த இடத்தில் இருந்தது.